இருபத்தைந்து எழுத்தைத் தேடிய ஐந்து நாள்

எங்கள் தொழிலில் வட்டு ஒரு தாய்க்கும் சாவி எண் இன்னொரு தாய்க்கும் பிறந்திருந்தால், அன்றைக்கு மதியச் சோறு தொண்டையில் இறங்காது.

கணினி ரிப்பேர்க் கடை வைத்துப் படாத பாடு பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதற்குள் ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள். மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. கெட்டுப்போன கணினியில் விண்டோஸை மறுபடி ஏற்ற இரண்டு பொருள் வேண்டும். ஒன்று, விண்டோஸ் அடங்கிய சிடி வட்டு. இன்னொன்று, பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிய ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் சாவி எண். ஐந்தைந்து எழுத்தாக ஐந்து கட்டு, மொத்தம் இருபத்தைந்து. கல்லூரியில் யாப்பு படித்த என் காதில் அது எப்போதும் ஐந்து சீர் கொண்ட நெடிலடியாகத்தான் விழும். ஒரு கணினிக்கு ஓர் அடி. அதை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது.

மலை மேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில் பேருந்து திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் என் கடை. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு, பேச ஆளில்லாத வீட்டைவிடத் தூசி படிந்த கணினிகளின் நடுவே இருப்பது தேவலை என்று நடத்தி வருகிறேன். விண்டோஸ் ஏழுக்கு ஆயுள் முடியப்போகிறது என்ற பேச்சு கிளம்பியிருந்த காலம் அது. ஒரு திங்களில் தொடங்கி வெள்ளியில் முடிந்த ஐந்து நாளைச் சொல்கிறேன்.

சந்தனம் வைத்த இடம்

திங்கட்கிழமை காலை ஷேர் ஜீப்பிலிருந்து மல்லிகா இறங்கினாள். நெல்லிவாசல்நாட்டில் இணையச் சேவை மையம் நடத்துகிறவள். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா நகல் எல்லாம் அங்கே அவள் கை வழியாகத்தான் கிடைக்கும். அவள் மையம் வருவதற்கு முன்னால் ஒரு காகிதத்துக்காக ஆலங்காயம் இறங்கி, ஒரு நாள் வேலையைத் தொலைத்துவிட்டு ஏறி வருவார்கள். மையம் நடத்த அரசு கொடுக்கும் ஐடியை வாங்க அவள் மூன்று வருடம் அலைந்ததும் எனக்குத் தெரியும்.

மடியில் கைக்குழந்தை மாதிரி கம்பளியில் சுற்றிக் கணினிப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தாள். ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மாவட்டத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். முறையான உரிமம் இல்லாத விண்டோஸ் ஓடினாலோ, கணினியே ஓடாவிட்டாலோ ஐடியை அன்றைக்கே முடக்கிவிடுவார்கள். திரும்ப வாங்க இன்னொரு மூன்று வருடம் ஆகலாம்.

புது டிஸ்க் என்னிடம் இருந்தது. வட்டும் இருந்தது. எண் வேண்டும் என்று பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பினேன். ஸ்டிக்கர் இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த சந்தனம், அதன் மேல் குங்குமம், அதன் மேல் மறுபடி சந்தனம். ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். எழுத்தும் கூடவே வந்துவிட்டது. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க இவ்வளவு பெரிய பெட்டியில் வேறு இடமா கிடைக்கவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது.

"நாலு வருசமும் அதே எடத்துலதாம்மா வெச்சேன். பளபளன்னு, பொட்டியிலயே அந்த ஒரு எடந்தான் சாமி மொகம் மாதிரி இருந்துச்சு."

பாஷா பாயின் வைத்தியம்

ஆலங்காயத்தில் பாஷா பாய் கடை. நான் அங்கே கணினி வகுப்பு எடுத்த நாளிலிருந்து பழக்கம். இன்னும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார். மல்லிகாவின் கணினியைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்த திருப்பத்தூர் வியாபாரி கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். அவருடைய விற்பனைப் பட்டியல் யாரிடமாவது இருக்கிறதா, அதில் எண் இருக்குமா என்று பாஷா பாயிடம் போனில் கேட்டேன்.

பட்டியலாவது கிட்டியலாவது என்று சிரித்தார். தன்னிடம் ஒரு பென் டிரைவ் இருக்கிறதாம். செருகி இரண்டு நிமிடம் விட்டால் எந்த விண்டோஸும் தன்னை ஒரிஜினல் என்று நம்பத் தொடங்கிவிடுமாம். ஜீப்பில் கொடுத்தனுப்புகிறேன் என்றார். என்ன பென் டிரைவ் என்று எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் செருகியவள்தான். ஆனால் போன ஆய்வில் அடிவாரத்து மையம் ஒன்றில் அதைத்தான் கண்டுபிடித்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்த ஐடி போனது. அதைச் சொல்லி வேண்டாம் என்றேன். எதிர்முனையில் நீளமாக ஓர் உச்சுக் கொட்டல் கேட்டது.

"நோயாளி செத்துக்கினு கீறான், நீங்க அவன்கிட்ட ஆதார் கார்டு கேட்டுக்கினு கீறீங்க டீச்சரம்மா."

ஒரே எண், இரண்டு பக்கம்

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மேசைக்கு வருகிற ஒவ்வொரு கணினியின் சாவி எண்ணையும் ஒரு நீள நோட்டில் எழுதி, வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்து வைப்பேன். ஊரில் பாதிப் பேர் ஸ்டிக்கரைப் பிள்ளைகள் நகத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பழைய நோட்டு பரணில் கிடந்தது; செவ்வாய்க்கிழமை காலை அதைத் தேடி எடுத்துப் புரட்டியதில், நாலு வருடத்துக்கு முன் மல்லிகாவின் கணினி சர்வீசுக்கு வந்த நாளில் எழுதியது கிடைத்தது. இருபத்தைந்து எழுத்தும் முழுசாக இருந்தன. மல்லிகா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வட்டுகளைப் பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். முதலில் போட்டது வீட்டு உபயோகத்துக்கானது. இந்த எண் அதற்குரியது இல்லை என்று தள்ளிவிட்டது. அடுத்தது கீறல் விழுந்தது, பாதியில் நின்றது. மூன்றாவது அலுவலக வகை. அது எண்ணை ஏற்றுக்கொண்டு மதியத்துக்குள் ஏறியும் முடிந்தது. இனி இணையத்தில் எண்ணைப் பதிந்தால் வேலை முடிந்தது. என் கைப்பேசியிலிருந்து இணையம் கொடுத்தேன். வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. இந்த எண் வேறொரு கணினியில் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்றது.

நோட்டை மறுபடி எடுத்தேன். மல்லிகாவின் பக்கத்துக்கு முந்திய பக்கம், அதே தேதி. சந்தவாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எபினேசரின் கணினி. அதற்குக் கீழே அதே இருபத்தைந்து எழுத்து, என் கையெழுத்தில். ஒரே ஓசை இரண்டு பக்கத்திலும் இருந்தது. நாலு வருடமாக அது என் காதில் விழவில்லை. நோட்டை மூடினேன். எண் வேறு எங்கோ ஓடுகிறது என்று மட்டும் மல்லிகாவிடம் சொன்னேன். அவள் முகம் சிவந்தது.

"என் நம்பர எட்த்து எவன் பொழப்புல வெச்ச கைம்மா அது? அந்தக் கை வெளங்குமா?"

எத்தனை கணினிகள்?

இணையம் மறுத்தால் தொலைபேசி வழி ஒன்று உண்டு. ஓர் இலவச எண்ணைக் கூப்பிட்டு, திரையில் தெரியும் ஐம்பத்து நாலு இலக்கத்தைத் தட்ட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் எதிர்முனைக் குரல் நாற்பத்தெட்டு இலக்கம் சொல்லும். அதைக் கணினியில் இட்டால் திறந்துவிடும். அன்று மதியம் கடை வாசலில் நின்று கூப்பிட்டேன். மல்லிகா திரையைப் பார்த்து இலக்கங்களைச் சொல்ல நான் தட்டினேன். முப்பதாவது இலக்கத்தில் ஒரு முறை இணைப்பு அறுந்தது. ஐம்பதில் ஒரு முறை. மூன்றாம் முறை முழுவதும் போய்ச் சேர்ந்தது.

அப்போது அந்தக் குரல் ஒரு கேள்வி கேட்டது. இந்த நகலை எத்தனை கணினிகளில் நிறுவியிருக்கிறீர்கள், எண்ணை அழுத்துங்கள். தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் விடை தெரியும். ஒன்று. அழுத்தினால் மல்லிகாவின் கவலை அந்த நிமிடமே தீர்ந்தது. சந்தவாசலில் மட்டும் என்றைக்கோ ஒரு நாள், யாரோ ஒருவரின் மனு பாதியில் நிற்கும்போது, எபினேசரின் திரை கறுத்து, இது அசல் நகல் இல்லை என்று சொல்லும். ஏன் என்று அவருக்குத் தெரியாது. சரிசெய்ய என்னிடம்தான் கொண்டுவருவார்.

குரல் இரண்டாம் முறை கேட்டது. என் விரல் ஒன்றின் மேல்தான் இருந்தது. மூன்றாம் முறை கேட்கத் தொடங்கியபோது இணைப்பைத் துண்டித்தேன். மல்லிகா திரையிலிருந்து தலையைத் தூக்கினாள். தணிந்த குரலில் கேட்டாள்.

"ஒண்ணுன்னு அமுக்கிட்டிருந்தா யாரும்மா வந்து இன்னான்னு கேக்கப் போறாங்க?"

பசைத் தடம்

புதன்கிழமை முழுதும் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதியபோது கை தவறியிருந்தால் ஒன்றிரண்டு எழுத்து மாறும். இருபத்தைந்தும் எப்படி ஒத்துப்போகும்? எபினேசருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை; கடையில் கூட்டம் இருந்தால் எடுக்கமாட்டார். மல்லிகா ஸ்டூலில் உட்கார்ந்து வாசலில் போகிற ஜீப்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கு இடையில் ஒரு நாள்தான் பாக்கி.

நாலு மணி வாக்கில் வெயில் சாய்ந்து கடைக்குள் வந்தது. மேசையில் கிடந்த மல்லிகாவின் பெட்டியிலிருந்து கழற்றிய, ஸ்டிக்கர் ஒட்டியிருந்த பக்கத் தகரப் பலகை மேல் விழுந்தது. சந்தனத் திட்டுக்குக் கீழே சாய்ந்த வெயிலில் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு நீள் சதுரப் பசைத் தடம். அதன் ஓரத்தில் காகிதத் துணுக்கு, அதில் பொன் மை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சர்ச்சில் புத்தாண்டு ஆராதனையில் வாங்கும், பொன் எழுத்தில் பைபிள் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை எபினேசர் தன் கணினிப் பெட்டியில்தான் ஒட்டுவார்.

பிறகு எல்லாம் தானே விளங்கியது. இரண்டு கணினியும் ஒரே வியாபாரி பூட்டியவை. ஒரே கறுப்புப் பெட்டி. ஒரே நாளில் தூசி தட்ட என்னிடம் வந்தன. எபினேசரின் எண்ணைப் பெட்டியைத் திறப்பதற்கு முன் எழுதினேன். மல்லிகாவுடையதைத் துடைத்து மூடிய பிறகு. நடுவில், சுவரில் சாய்த்து வைத்த இரண்டு பலகைகளையும் மாற்றிப் பூட்டியிருக்கிறேன். அதனால் மல்லிகாவின் பக்கத்தில் நான் எழுதியது எபினேசரின் பலகையில் இருந்த எண். அவரவர் கணினிக்குள் அவரவர் எண் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததால் நாலு வருடமாக யாருக்கும் தெரியவில்லை. மல்லிகாவின் எண் சந்தவாசலில் எபினேசரின் பெட்டி மேல் இருக்கிறது. இருக்க வேண்டும்.

இதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. திங்கட்கிழமை அவளைத் திட்டியது நான். நாளைக்குச் சந்தவாசல் போய்வருகிறேன், வழி இருக்கிற மாதிரி தெரிகிறது என்றேன். பலகையைத் துண்டில் சுற்றிக்கொண்டே, பேச்சோடு பேச்சாக, இந்தப் பசை எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டேன்.

"நீங்க சர்வீஸ் பண்ணிக் குடுத்தப்பவே இருந்துச்சும்மா. சர்வீஸ் ஆனதுக்கு அதுதான் அடையாளம்னு நெனச்சேன்."

பேருந்தில் ஒரு தகரம்

வியாழன் முதல் பேருந்தில் போளூர் இறங்கி அங்கிருந்து மாற வேண்டும். துண்டு நழுவிப் பலகையில் இருந்த குங்குமம் வெளியே தெரிந்தது. டிக்கெட் கொடுக்க வந்த நடத்துனர், சாமி படமா என்று கேட்டுப் பயபக்தியோடு காலை நகர்த்திக்கொண்டார். கணினியின் பக்கக் கதவு என்றேன். வளைவுகளில் பேருந்து சாயும்போதெல்லாம் அதை இரண்டு கையாலும் மார்போடு பிடித்திருந்தேன். எபினேசர் அந்த ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டிருந்தால் என்ன செய்வது என்ற யோசனையில் காட்டு மரங்கள் போவதே கண்ணில் படவில்லை. நடத்துனர் திரும்பி வரும்போதும் நான் அப்படியே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நின்றார்.

"கதவு இங்க கீது. வூடு எங்கம்மா?"

சந்தவாசல்

எபினேசர் கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர் ஒரு வாரிசுச் சான்று மனுவைத் தட்டிக்கொண்டிருந்தார். பெட்டி மேசைக்கடியில் இருந்தது. குனிந்து பார்த்தேன். ஸ்டிக்கர் இருக்க வேண்டிய இடத்தில் வசன அட்டை. வருடத்துக்கு ஒன்றாக, ஒன்றின் மேல் ஒன்றாக நாலு அட்டை. இவருக்கும் அந்தப் பளபளப்பான இடம்தான் தோதாகப் பட்டிருக்கிறது.

நடந்ததை அவர்கள் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். எபினேசர் நம்பவில்லை. என் பெட்டி மேல் ஒட்டியிருப்பது என் எண்தான், இன்னொருத்திக்கு எப்படிக் கொடுப்பேன், கொடுத்த பிறகு என் மெஷின் நின்றால் இந்த நாலு பேருக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. கணினிக்குள் ஓடுகிற எண்ணின் கடைசி ஐந்து எழுத்தை மட்டும் காட்டும் கட்டளை ஒன்று உண்டு. மனுவைச் சேமிக்கச் சொல்லிவிட்டு அதைத் தட்டினேன். திரையில் வந்த ஐந்து எழுத்தையும் நோட்டில் அவர் பக்கத்தில் இருந்த ஐந்தையும் அவரையே ஒப்பிடச் சொன்னேன். விரல் வைத்து இரண்டு முறை பார்த்தார். பிறகு எழுந்து பெட்டியை வெளியே இழுத்தார்.

வசனத்தை இன்னொருவர் உரிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. தானே ஈரத்துணி வைத்து ஊறவிட்டு, அட்டை அட்டையாக உரித்து, ஒவ்வொன்றையும் மேசையில் காயவைத்தார். கடைசி அட்டை வரும்போது சர்ரென்று ஒரு சத்தம். ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. மூன்றாம் கட்டில் ஓர் எழுத்தைத் தவிர. அந்த ஓர் எழுத்து அட்டையின் முதுகோடு வெள்ளை மாவாகப் போயிருந்தது. குற்றம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

பலகைகளை மாற்றிப் பூட்டினேன். அவருடைய எண்ணைப் பெரிதாக எழுதி உள்பக்கம் ஒட்டிக் கொடுத்தேன். தன் வீட்டுக்குத் திரும்பி வந்த பலகையில் எவ்வளவு துடைத்தும் போகாத சிவப்பை எபினேசர் கொஞ்ச நேரம் பார்த்தார். நின்றிருந்த நாலு பேரும் பார்த்தார்கள்.

"நாலு வருசம் மல மேல குடுத்தனம் பண்ணிட்டுப் பொட்டும் சந்தனமுமா வந்து நிக்குது. எங்க வூட்ல கேட்டா நான் இன்னான்னு சொல்றது டீச்சர்?"

ஓர் எழுத்து

வியாழன் ராத்திரி நான் கடைக்குத் திரும்பியபோது கரண்ட் போயிருந்தது. வெள்ளி காலை முதல் ஜீப்பில் கணினியோடு நானும் மல்லிகாவும் நெல்லிவாசல்நாட்டுக்குப் போனோம். வழியில் ஒரு மரம் சாய்ந்து கிடந்து ஜீப் நின்றதில், மையத்தைத் திறக்கும்போது மணி பத்தே கால். சான்றிதழுக்காகத் திங்களிலிருந்து காத்திருந்தவர்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். இங்கேயும் கரண்ட் இல்லை. யுபிஎஸ் அரை மணி நேரம் தாங்கும்.

சாவி எண்ணில் வரக்கூடிய எழுத்தும் இலக்கமும் மொத்தம் இருபத்து நாலுதான். குழப்பம் வரும் என்று மற்றவற்றை விட்டுவிட்டார்கள். கிழிந்த இடத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். என் கண் போதாது. மல்லிகா தட்டினாள், நான் பக்கத்தில் நின்று அடியை முழுதும் படித்தேன். ஐந்து சீரில் ஒன்று ஊனம். தளை தட்டியது. அடுத்த எழுத்து. மறுபடி தட்டியது. பத்தாவதுக்குப் பிறகு யுபிஎஸ் கீச்சிடத் தொடங்கியது. பதினைந்தாவதுக்கு மல்லிகாவின் விரல் வேறு கட்டையில் விழுந்து, மறுபடி முதலிலிருந்து இருபத்தைந்தையும் தட்ட வேண்டி வந்தது. வாசலில் யாரோ, வண்டி சத்தம் கேக்குது என்றார்கள்.

பத்தொன்பதாவது எழுத்தில் திரை மறுக்கவில்லை. அடுத்த பக்கம் வந்தது. இணையத்துக்காக என் கைப்பேசியை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வட்டம் சுற்றியது. கீழே வளைவில் ஒரு ஜீப் கியர் மாற்றுவது தெளிவாகக் கேட்டது. வட்டம் இன்னும் சுற்றியது. மல்லிகா திரையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். அதனால் பதிவு முடிந்தது என்ற வரியை முதலில் பார்த்தது நான்.

வந்தவர் சின்ன வயது அதிகாரி. உட்கார்ந்தார், அந்த வரி இருக்கும் இடத்தைத் திறந்தார், படித்தார், தாளில் குறித்துக்கொண்டார். ஏழுக்கு இனி ஆயுள் கொஞ்ச காலம்தான், பத்துக்கு மாறிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த மையத்துக்குக் கிளம்பினார். ஐடி தப்பித்தது. அவர் வண்டி வளைவு திரும்பியதும் கரண்ட் வந்தது. காத்திருந்தவர்கள் உள்ளே வந்து வரிசை கட்டினார்கள்.

மல்லிகா எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள். இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. பலகை மாறியது என் மேசையில், மாற்றிய கை என்னுடையது, உன்மேல் எந்தத் தப்பும் இல்லை, திங்கட்கிழமை உன்னைப் பேசியிருக்கக் கூடாது என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவள் ஒரு கிழவரின் ஆதார் அட்டையை வாங்கி, படத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், தட்டத் தொடங்கினாள். என் பக்கம் திரும்பாமல்தான் சொன்னாள்.

"பொதன்கெழம நீங்க பலகையத் துண்டுல சுத்துனப்பவே தெரியும்மா. பேரும் மொகமும் சேருதான்னு நாளெல்லாம் பாக்குறதுதான என் வேல. நீங்களா சொல்றீங்களான்னு பாத்துக்கினு இருந்தேன்."

இத்தனை வருடம் பிறர் கணினியைத் திறந்து மூடியவள் என்ற முறையில் என்னைப் போலவே பாடு படுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: திறக்கும்போது நடுங்காத கை, மூடும்போதாவது கொஞ்சம் நடுங்க வேண்டும்.